ஆண்களுக்குக் கள்ளுக்கடை, பெண்களுக்குக் கோயிலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அந்தக் காலக் கிராமங்களைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: ‘ஆண்களின் ஓய்வு கள்ளுக்கடையிலும் சேவல் சண்டையிலும் கழிந்தது; கோயில் பெண்கள் பொறுப்பு.’ எழுதியவர் திண்டிவனம் தாண்டிப் போனதில்லை போலும். போயிருந்தாலும் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்.

தங்களுக்குத் தெரியாததா? செய்யாறு, வந்தவாசி, செஞ்சிப் பக்கம் நெல் போரடித்து முடித்து, ஏரி வற்றி, ஏருக்கு வேலையில்லாமல் கிடக்கும் சித்திரை, வைகாசியில்தான் திரௌபதி அம்மனுக்குக் கொடி ஏறும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து, கடைசி நாள் துரியோதனன் சாயும் படுகளம், தீமிதி. காப்புக் கட்டியவன் கவிச்சி தொடமாட்டான், கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அதே ஆள்தான் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அடிக்கிற பச்சை நையாண்டிக்கு விடிய விடிய வயிறு குலுங்கச் சிரிப்பான். இதில் எது பக்தி, எது பொழுதுபோக்கு என்று கட்டுரையாளர் வந்து பிரித்துக் காட்டட்டும்.

எங்கள் சித்தப்பா கவலை மாடு ஓட்டிக் கிணற்றுநீர் இறைத்து உரமேறிய ஆள். கொடி ஏறும் அன்றே மீசையை மழித்துவிடுவார். துகிலுரிதல் ராத்திரி அவர்தான் திரௌபதி. உடுத்துவது சித்தியின் கூறைப்புடவை. ரசம் போன கண்ணாடியை வேப்பமரத்தில் சாய்த்துவைத்து, அரிதாரம் குழைத்துப் பூசிக்கொள்ளும்போது பிள்ளைகள் யாரும் வாய் திறக்கக் கூடாது. துச்சாதனன் வேடக்காரர் புடவையில் கைவைக்கும் முன் கற்பூரம் கொளுத்தி அவர் காலில் விழுவார். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் முறுக்கு மீசைக்காரர்களெல்லாம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சித்தப்பாவை ஒருத்தரும் ‘பொம்பளை’ என்று கேலி பேசவில்லை. பஞ்சாயத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை குறையவுமில்லை. மீசையும் அரிவாளும்தான் ஆண்மை என்பது உங்கள் சினிமா பக்கம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கூத்தைச் சேரி ஜனங்கள் எட்ட நின்றுதான் பார்த்தார்கள். சித்தி புடவையைக் கொடுக்கலாம், வேடம் கட்ட முடியாது. விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் இதே திரௌபதி அம்மன் கோயிலுக்கு, பட்டியலின மக்களை உள்ளே விடாத தகராறில் 2023-ல் சீல் வைத்தார்கள். கட்டுரை அதைக் கேட்டிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

ந. முத்துசாமி 1977-ல் இதே சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். தெருக்கூத்து ஆசான் புரிசை கண்ணப்பத் தம்பிரான் இங்கே நடிகர்களுக்குக் கூத்துச் சொல்லிக்கொடுத்தார். இத்தனைக்கும் பிறகு உங்கள் அலுவலகத்துக்குச் செய்தி எட்டவில்லை. முன்பொரு முறை, மரக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய கட்டை வேடத் துரியோதனன் படத்தைப் போட்டு, அடியில் ‘கதகளிக் கலைஞர்’ என்று அச்சிட்டீர்கள். திருத்தம் கேட்டு, சித்தப்பா வேடம் கட்டிய ஒரே புகைப்படத்தையும் வைத்து அனுப்பினேன். பதில் இல்லை. ஆசிரியருக்கு ஆயிரம் வேலை. வாசகர் கடிதப் பக்கமோ அரைப் பக்கமாகி, கால் பக்கமாகி, இப்போது நகைக்கடை விளம்பரத்துக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

திரௌபதி அம்மன் கோயிலுக்குத் தர்மராஜா கோயில் என்றும் பெயர்; நான் குடியிருக்கும் சைதாப்பேட்டையிலேயே தர்மராஜா கோயில் தெரு உண்டு. இந்தப் பக்கம் கூத்து வைக்க அனுமதி கேட்டால், பத்து மணிக்கு மைக்கை அணைக்கச் சொல்கிறார்கள். சட்டம் சட்டம்தான். கட்டியக்காரன் சபைக்கு வருவதே பத்து மணிக்குத்தான் என்பதை மட்டும் சட்டம் போட்டவரிடம் யாரும் சொல்லவில்லை. இதையும் ஒரு முறை எழுதினேன். அதுவும் எங்கே போயிற்றோ!

மார்கழியில் எந்தச் சபாவில் யார் கச்சேரி, கேன்டீனில் என்ன பலகாரம் என்பதுவரை பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். சித்திரை, வைகாசியில் எந்த ஊரில் என்றைக்கு என்ன கூத்து என்று ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இரண்டு வரி போட்டால் போதும். கட்டுரையாளருக்கு விருப்பமிருந்தால் செய்யாறு பஸ்ஸில் நானே கூட்டிப்போகிறேன். சாக்கு நான் எடுத்துவருகிறேன்.

அந்தப் புகைப்படத்தைத் திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செய்யாற்றான்,
சைதாப்பேட்டை, சென்னை-15.