செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய வீட்டுக் கணினி டெமோக்களோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் உள்ளிட்ட செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம். நம் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகள் குறித்த இவ்வறிக்கையைச் செயற்குழுவின் சார்பில் முன்வைக்கிறேன்.

மாதம் ஒரு திரையிடல் என்ற நம் வழக்கம் இவ்வாண்டு எந்த மாதமும் தடைப்படவில்லை. ஆனால் திரையிடும் முறையை மாற்றினோம்; ஆண்டின் முதன்மைச் செய்தி அதுவே என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். முன்பெல்லாம் ஒரே மாலையில் ஏழெட்டு டெமோக்களை, அதாவது கணினியின் திறனைக் காட்டப் படமும் இசையுமாக எழுதப்பட்ட சிறு கலை நிரல்களை, அடுத்தடுத்து ஓடவிட்டு, கைதட்டிவிட்டுக் கலைந்து செல்வோம். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் சென்ற பொதுக்குழுவில் எழுந்து, நாம் எந்த இடத்தில் வியக்கிறோம், ஏன் வியக்கிறோம் என்பதே தமக்குப் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் குறை முற்றிலும் நியாயமானது. ஒரு டெமோ எந்தக் கணினியில் ஓடுகிறது, அந்தக் கணினியால் எது இயலாது என்று கருதப்பட்டது என்பது தெரியாதவருக்கு, அதன் அழகில் பாதி கண்ணுக்கே படாது. ஆகவே மாலைக்கு இரண்டே டெமோக்கள் எனக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சொல்லும் விளக்காமல் காட்டி, பின்னர் கணினியின் மூடியைத் திறந்து வைத்து அதன் வரம்புகளை எடுத்துக் கூறி, அதே டெமோவை மீண்டும் ஒருமுறை ஓடவிட்டோம்.

இம்முறையின் பலனைக் கொமடோர் 64 அமர்வில் நேரிலேயே கண்டோம். 1982இல் வெளிவந்த அக்கணினியில் 64 கிலோபைட் நினைவகமும், ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் செயலியும், மாற்ற முடியாத 16 நிறங்களும் மட்டுமே உண்டு. படம் வரையும் பகுதியைச் சுற்றி நாற்புறமும் ஒரே நிறத்தில் ஒரு கரை இருக்கும். அக்கரைக்குள் எதையும் வரைய முடியாது என்பதே கணினியை வடிவமைத்தவர்கள் வகுத்த விதி. அவ்விதியை நிரலாளர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதை நம் துணைத்தலைவர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். திரையில் 25 வரி எழுத்துகள் வைத்தால் கீழ்க்கரை சற்றுத் தாழ்ந்தும், 24 வரி வைத்தால் சற்று உயர்ந்தும் தொடங்கும். படக்குழாயின் மின்கற்றை மேலிருந்து கீழாகத் திரையை வரைந்து வரும்போது, 24 வரிக்கான கரை தொடங்க வேண்டிய கோட்டைத் தாண்டும்வரை "25 வரி" என்று படத்தை உருவாக்கும் சில்லிடம் (சிப்) சொல்லி வைத்திருந்து, தாண்டியவுடன், 25 வரிக்கான கோடு வருவதற்குள், "24 வரி" என்று மாற்றிவிட வேண்டும். கரையைத் தொடங்கும் இடம் கடந்துவிட்டதாகவே எண்ணும் சில்லு கரையை வரையாமலே விட்டுவிடுகிறது; அவ்விடத்தில் ஸ்ப்ரைட்டுகள் எனப்படும் நகரும் சிறு உருவங்கள் தாராளமாக உலவலாம். பக்கக் கரைகளைத் திறப்பது இதைவிடக் கடினம். ஐரோப்பிய ஒளிபரப்பு முறைக்கான கணினியில் ஒரு படத்துக்கு 312 கோடுகள், ஒரு கோட்டுக்குச் செயலியின் 63 துடிப்புகள். பக்கக் கரையைத் திறக்க ஒவ்வொரு கோட்டிலும் குறித்த துடிப்பிலேயே, வரிகளின் எண்ணிக்கைக்குப் பதிலாகத் திரையின் அகலத்தில், இதேபோன்ற மாற்றத்தைச் செய்ய வேண்டும், அதையும் நொடிக்கு 50 படங்களுக்கும் பிசகாமல் செய்ய வேண்டும்.

விளக்கம் முடிந்து டெமோ இரண்டாம் முறை ஓடியபோது, சென்ற ஆண்டு குறை சொன்ன அதே உறுப்பினர் நாற்காலியை விட்டு எழுந்து திரையருகே சென்று, கீழ்க்கரைக்குள் ஊர்ந்து கொண்டிருந்த எழுத்தோட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இது இங்கே வரவே கூடாதே!" என்றார். செயற்குழுவின் ஓராண்டு உழைப்புக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இசைக்கென ஒதுக்கிய மாலையும் குறிப்பிடத்தக்கது. பாப் யானஸ் வடிவமைத்த, கொமடோர் 64இன் ஒலிச் சில்லான சிட்டில் மூன்றே குரல்கள். ஒரு குரலிலேயே பல சுரங்களை நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஒலித்து, அவை ஒருங்கே ஒலிப்பதாகச் செவியை நம்ப வைப்பது பழகிய உத்தி. அதைவிட வியப்பூட்டியது இன்னொன்று: அச்சில்லின் முதல் வடிவமான 6581இல் ஒலியளவை மாற்றும்போதெல்லாம் "டிக்" என்ற சிறு ஓசை எழும். வேண்டாத அந்த ஓசையையே மிக விரைவாக, கணக்காக எழுப்பி, பதிவு செய்த முரசொலியையும் மனிதக் குரலையும் கூட இசைக்கலைஞர்கள் ஒலிக்கச் செய்தார்கள். பின்னாளில் வந்த 8580இல் அந்த ஓசை பெரிதும் அடங்கிவிட்டதால், அதே பாடல் அதில் முரசிழந்து மெலிந்து கேட்கிறது. இரு கணினிகளை அருகருகே வைத்து இதைக் கேட்டோம். இரண்டாவது கணினி பழுதுபட்டுள்ளதோ என்று சிலர் ஐயுற்றனர்.

ஸெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்குத் திரையிடலுக்குப் பதிலாகப் பட்டறை ஒன்று நடத்தினோம். அதன் திரை 32க்கு 24 என 768 கட்டங்களாகப் பிரிந்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே நிறங்கள் இருக்கலாம். கட்டம் போட்ட தாளும் வண்ணப் பென்சில்களும் கொடுத்து, ஒரு மனித முகத்தை இவ்விதி மீறாமல் வரையச் சொன்னோம். உதட்டின் சிவப்பு கன்னத்துக் கட்டத்தில் ஒரு புள்ளி புகுந்தால் நெற்றியிலிருந்து இறங்கும் நிழலுக்கு அங்கே இடமில்லை என்பதைக் கையால் பட்டு உணர்ந்த பிறகு, டெமோக்களில் வரும் ஓவியங்களை உறுப்பினர்கள் நின்று நிதானித்துப் பார்க்கத் தொடங்கினர். அன்று வரைந்த தாள்கள் இவ்வரங்கின் பின்சுவரில் ஒட்டப்பட்டுள்ளன.

அவற்றின் நடுவே 16 வரிசைகளில், வரிசைக்கு 16 எண்களாக அச்சிட்ட தாள் ஒன்றும் இருக்கக் காணலாம். அது லீனஸ் ஓகெசன் 2017இல் வெளியிட்ட 'எ மைண்ட் இஸ் பார்ன்' என்ற கொமடோர் 64 டெமோவின் முழு நிரல். இசை, படம், அவற்றை நடத்தும் கட்டளைகள் அனைத்தும் சேர்ந்து 256 பைட்டுகள். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவை; அந்த அளவுக்குள் நம் மொழியில் 85 குறியீடுகளே அடங்கும், இந்த ஒரு வாக்கியத்தைக் கூட அதில் எழுதி முடிக்க இயலாது. மெட்டைச் சுரம் சுரமாகப் பதிந்து வைக்க இடமில்லாததால், ஒரு கணக்கிலிருந்தே அதைப் பிறப்பித்திருக்கிறார். விளக்குகளை அணைத்துவிட்டு அதைக் கேட்ட சில நிமிடங்களை என்னால் எளிதில் மறக்க இயலாது.

கருத்து வேறுபாடும் எழுந்தது; அதை மறைப்பது முறையன்று. நார்வேயின் ஸ்பேஸ்பால்ஸ் குழு அமிகா கணினிக்கு உருவாக்கி, 1992இல் டென்மார்க்கில் நடந்த 'தி பார்ட்டி' விழாவில் முதலிடம் பெற்ற 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்' டெமோவைத் திரையிட்டபோது, நடனமாடும் பெண்ணின் நிழலுரு காணொளியிலிருந்து எடுத்துச் சேமித்ததே தவிர ஓடும்போது கணக்கிட்டதன்று, எனவே அதை டெமோ என்று போற்றலாகாது என மூத்த உறுப்பினர்கள் சிலர் வாதிட்டனர். அது வெளியான காலத்திலேயே எழுந்த வாதம்தான். என் கருத்து வேறு. 880 கிலோபைட் வட்டுக்குள் ஒரு நடனம் அடங்க வேண்டுமானால், உருவின் விளிம்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்ற அந்தத் தெரிவிலேயே கலை இருக்கிறது. வாக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை, உரையாடல் தொடர்கிறது.

டெமோக்களை உருவாக்குவோரின் உலகமான டெமோசீனின் வரலாறு பற்றிய உரை ஒன்றும் இடம்பெற்றது. நகல் தடை உடைக்கப்பட்ட விளையாட்டுகளின் முகப்பில் குழுக்கள் தம் பெயரைப் பொறித்த சிறு நிரல்கள், 1980களில் விளையாட்டிலிருந்து பிரிந்து தனிக்கலையாக வளர்ந்த கதையை உறுப்பினர்கள் பலரும் முன்பே அறிவர். ஒரு திருத்தத்தை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். டெமோசீன் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டதாக நம் அழைப்பிதழ் ஒன்றில் அச்சானது என் கவனக்குறைவால் நேர்ந்த பிழை. பின்லாந்து 2020இலும், ஜெர்மனியும் போலந்தும் 2021இலும், நெதர்லாந்து 2023இலும் அதைச் சேர்த்தது தத்தம் தேசிய அளவிலான மரபுப் பட்டியல்களில். அதுவே பெருமைக்குரிய செய்தி. மிகைப்படுத்த வேண்டிய தேவை அதற்கில்லை.

கணினிகளின் நிலை குறித்துச் சொல்ல வேண்டியுள்ளது. நம்மிடமுள்ள கணினி ஒன்றின் பழைய மின்வழங்கி, 5 வோல்ட் தர வேண்டிய கம்பியில் அதிக மின்னழுத்தம் செலுத்தியதால், நினைவகச் சில்லுகள் சில கருகின. மல்டிமீட்டர் வைத்துச் சோதித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அதுமுதல் ஒவ்வொரு அமர்வுக்கும் முன் மின்வழங்கிகளை அளந்து ஏட்டில் குறித்து வருகிறோம். சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றி அக்கணினியை மீட்ட உறுப்பினர்கள் இருவருக்கும் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

பழைய கணினியைப் போலவே இன்றைய கணினியில் இயங்கிக் காட்டும் எமுலேட்டர் நிரலே போதுமே, இத்தனை பாடு எதற்கு என்ற கேள்வி செயற்குழுவிலும் எழுந்தது. வீட்டிலிருந்து பார்ப்பதற்கு எமுலேட்டர் மிகவும் உதவுகிறது. அதை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் நொடிக்கு 50 படங்களுக்கெனக் கட்டமைத்த எழுத்தோட்டம் 60 படத் திரையில் திக்கித் திக்கி நகர்கிறது. படக்குழாயில் கலந்து மூன்றாம் நிறமாகத் தெரியும் இரு நிறங்கள் தட்டைத் திரையில் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நிற்கின்றன. 2008இல், கொமடோர் 64 வெளிவந்து 26 ஆண்டுகளுக்குப் பின், பூஸ் டிசைன் குழு வெளியிட்ட 'எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ்' டெமோவை அசல் கணினியில் ஓட்டியபோது, இசை நிற்காமல் ஒலிக்க, பக்கத்தில் வட்டு இயக்கி உறுமி அடுத்த காட்சியை ஏற்றும் ஓசையும் சேர்ந்தே கேட்டது. அந்த இயக்கிக்குள்ளும் தனிச் செயலி ஒன்று இருப்பதை அறிந்தவர்களுக்கு அந்த உறுமலும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியே.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டில் இரண்டு பணிகளைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. முதலாவது, உறுப்பினர்களிடமுள்ள பழைய வட்டுகள் காந்தம் இழக்கும் முன் அனைத்தையும் படியெடுத்தல். இரண்டாவது, நாமே கூடி 256 பைட்டுக்குள் ஒரு சிறு டெமோவை எழுதிப் பார்த்தல். இவ்விரண்டையும், திருத்தங்கள் இருப்பின் அவற்றோடு இவ்வறிக்கையையும், பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.