மூன்று நாள் வெயிலில் நின்ற எங்கள் வீட்டுச் சாமான்கள்: புகார்

கும்பகோணம் கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மே 9-ம் தேதி கும்பகோணத்தில் எங்கள் வீட்டுச் சாமான்களை ஏற்றினீர்கள். மறுநாள் காலை கோவையில் இறக்கித் தருவதாகப் பேச்சு. வண்டி வந்து சேர்ந்தது 13-ம் தேதி ராத்திரி. போனில் நாலு தடவை சொல்லியும் "பார்க்கிறோம் சார்" என்பதைத் தாண்டி எதுவும் நடக்காததால் இதை எழுத்தில் தருகிறேன்.

எனக்குக் கோவையில் வேலை கிடைத்ததால்தான் குடும்பத்தோடு கிளம்பினோம். தெரிந்த லாரிக்காரர் போதும் என்று அப்பா சொன்னார், நான்தான் கம்பெனி என்றால் பொறுப்பாக இருப்பார்கள் என்று உங்களிடம் வந்தேன். நடுவில் வேறு லோடு ஏற்றமாட்டோம் என்று சொல்லித்தான் 34,000 ரூபாய் வாங்கினீர்கள், உங்கள் கொட்டேஷனிலேயே 'தனி வண்டி' என்று எழுதியிருக்கிறது. ஆனால் வண்டி திருச்சியில் உங்கள் குடோன் வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறது, கரூரில் இறக்கவேண்டிய இன்னொரு வீட்டுச் சாமானுக்காக. இதைச் சொன்னது உங்கள் டிரைவர்தான். அந்த மூன்று நாளும் இங்கே காலி வீட்டில் வெறுந்தரையில் படுத்தோம். அம்மாவின் பிரஷர் மாத்திரைகூட அந்த வண்டியில்தான் இருந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும், என்னால் விடமுடியாதது வீணை. என் மனைவியுடையது, தஞ்சாவூரில் செய்தது, ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணை. கும்பகோணத்தில் 11 பிள்ளைகள் அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார்கள், கோவையிலும் ஜூனில் வகுப்பு தொடங்க இருந்தாள். வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்திக்கு அடியில் இருக்கும் உலோகப் பட்டைகளும், மெழுகில்தான் பதிந்திருக்கும், சூடு பட்டால் இளகிவிடும், அதனால் வெயிலில் நிறுத்தாதீர்கள், மேலே எதையும் வைக்காதீர்கள் என்று உங்கள் சூப்பர்வைசரிடம் மூன்று தடவை சொன்னேன், அவரும் தலையாட்டினார். கத்திரி வெயிலில் மூடிய வண்டிக்குள் மூன்று நாள் கிடந்தால் மெழுகு என்ன ஆகும்? பிரித்துப் பார்த்தபோது மெட்டுகள் பாதிக்குமேல் சாய்ந்து மெழுகு வழிந்திருந்தது, குடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், மேலே மிக்சிப் பெட்டி. அன்று அவள் சாப்பிடவே இல்லை. செய்தவரிடம் வீடியோ அனுப்பினோம். மேளம், அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிக்கும் வேலை, புதிதாகக் கட்டியாக வேண்டும், விரிசலை அடைத்தாலும் பழைய நாதம் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். இனி அதைத் திரும்பத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

அப்புறம், ஏற்றியது 43 பெட்டி, வந்தது 41. காணாமல் போன ஒன்றில் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் கிண்ணமும் மேலே உள்ள அன்னமும் இருக்கின்றன. பாதமும் தண்டும் மட்டும் வந்து நிற்கின்றன. எங்கள் வயலில் விளைந்த அரிசி இரண்டு மூட்டையிலும் டீசல் வாடை, அதைக் கொட்டவேண்டியதாயிற்று.

பணத்துக்கு வருகிறேன். இறக்குவதற்கு முன் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) செலவு என்று டிரைவர் 4,000 ரூபாய் கேட்டு, கொடுத்தால்தான் கதவைத் திறப்பேன் என்றார். ராத்திரி பதினோரு மணி, கொடுத்துவிட்டேன். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லே தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. காப்பீடு என்று 1,50,000 ரூபாய் மதிப்புக்கு 3 சதவீதம், 4,500 ரூபாய் தனியாக வாங்கினீர்கள். பாலிசிக் காகிதம் இன்றுவரை தரவில்லை, இப்போது கேட்டால் இசைக்கருவிக்குப் பொருந்தாது என்கிறீர்கள். பணம் வாங்கும்போது ஏன் அதைச் சொல்லவில்லை?

வீணையைச் சரிசெய்யும் முழுச் செலவு, இந்த 8,500 ரூபாய், தனி வண்டி என்று கூடுதலாக வாங்கிய தொகை, அரிசியின் விலை எல்லாம் 15 நாளுக்குள் வரவேண்டும். 2007-ம் வருடச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி புக் செய்த 180 நாளுக்குள் தரவேண்டிய நோட்டீஸாக இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்துவிட்டு கோவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. போட்டோ, பில், டிரைவர் பேசிய ஆடியோ எல்லாம் இத்துடன் இருக்கின்றன.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். திருச்சி குடோனில் 17, 26 என்று நீல மையில் எண் போட்ட இரண்டு பெட்டிகளை இன்றே தேடச் சொல்லுங்கள். விளக்கு இருப்பது 26-ல்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோவை