புண் வராமல் இருக்க ஜெபித்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான நம் சபைப் போதகர் ஐயர் அவர்களுக்கும், ஐயரம்மாவுக்கும், சபை மக்களுக்கும், வேலூர் பாகாயத்து நர்ஸ் சிஸ்டர்களுக்கும், எங்கள் தெருக்காரர்கள் எல்லாருக்கும் தோத்திரம்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்று சாட்சி சொல்லச் சொல்லி மைக்கை என் கையில் கொடுத்தீர்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கிற நன்றி இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயின்டர் என்பது உங்களுக்குத் தெரியும். சாரம் சரிந்து மாடி உயரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கொஞ்ச நாளில் முதுகின் அடியில், வால் எலும்பு பக்கம், ரூபாய் அகலத்துக்குச் சிவந்தது. அழுத்தினால் வலிக்கிறதா என்று கேட்டேன். அவருக்குத்தான் அங்கே ஒன்றும் தெரியாதே. தோல் உரிந்து புண்ணான பிறகுதான் அது படுக்கைப் புண் என்று எனக்கு விளங்கியது.

அந்த நாட்களில் ஜெபிக்க வந்தவர்கள் நிறையப் பேர். "எழுந்து நடப்பார்" என்று கண்ணீரோடு ஜெபித்த எல்லாருக்கும் நன்றி, மனதாரச் சொல்கிறேன். ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஒரு சிலர், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்கிறதா, விசுவாசத்தில் குறைவு இருக்கிறதா என்று அவர் காதுபடவே கேட்டார்கள். அவரால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கக்கூட முடியாது. கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் போன பிறகும் வெகு நேரம் திறக்கவில்லை.

ஐயரே, உங்களுக்கு நான் முதலில் நன்றி சொல்வது இதற்காகத்தான். மறுநாள் சாயங்காலம் நீங்கள் வந்து, நாற்காலி போட்டும் உட்காராமல், அவர் முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்தீர்கள். இரண்டாம் கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து, "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற இடம் வரை வாசித்தீர்கள். "பவுல் தன் உடம்புல இருந்த முள்ளு, அந்த வேதனை, போகணும்னு மூணு தடவ வேண்டிக்கிட்டாரு, போகலையே. அவருக்கு விசுவாசம் பத்தாதுன்னு யாராவது சொல்வாங்களா?" என்று கேட்டீர்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னைக்கு எதுக்கு ஜெபிக்கணும், சொல்லும்மா" என்றீர்கள். நான் "புண் ஆறணும் ஐயரே, வேற புண் வரக்கூடாது" என்றேன். பெரிய காரியம் எதையும் சேர்க்காமல் அதற்கு மட்டுமே ஜெபித்தீர்கள். ஆமென் சொன்ன கையோடு, "ராத்திரி யாரு இவர புரட்டிப் படுக்க வைக்கிறது?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியில்தான் எங்களுக்கு விடிய ஆரம்பித்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். இதைச் சொல்லித் தந்தது நம் சபையில் இருக்கும் ரிட்டயர்டு நர்ஸ் அக்கா. இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கணுக்கால் ஒன்றோடொன்று உரசாமல் ஒரு துணி. ஒருத்தியாக ராத்திரி முழுக்க இதைச் செய்தால் நான்காம் நாள் நானே படுத்திருப்பேன். வாலிபர் சங்கத்துத் தம்பிகள் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் முறை போட்டுக்கொண்டார்கள். விடிகாலை நான்கு மணி முறைக்கு வந்தவர் டீக்கடை அண்ணாச்சி. அவர் நம் ஆலயத்துக்கு வருகிறவர் இல்லை. கடை திறக்கப் போகும் வழியில் வந்து, திருநீறு பூசிய நெற்றியோடு என் வீட்டுக்காரரைப் பூப்போலப் புரட்டிவிட்டுப் போவார். வழியில் அடிபட்டுக் கிடந்த வேற்று இனத்தானைத் தூக்கிப் பராமரித்த நல்ல சமாரியனின் உவமையை இனி யார் வாசித்தாலும் எனக்கு அண்ணாச்சியின் முகம்தான் வரும். "மயினி, நீங்க தூங்குங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று தம்பிகள் சொன்னதைப் போல ஓர் ஆறுதல் வசனம் எனக்கு அந்த மாதங்களில் கிடைக்கவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், வீட்டுக்கு வீடு சபைக்காக எடுத்து வைக்கிற கைப்பிடி அரிசியை எங்கள் வீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். உதவித்தொகைக்கும் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் விண்ணப்பம் எழுதி, கலெக்டர் ஆபீசுக்குக் கூடவே வந்த வாத்தியார் ஐயாவுக்கும் நன்றி.

வேலூர் போகலாம் என்று சொன்னதும் நர்ஸ் அக்காதான். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு நிலையம் அங்கே பாகாயத்தில் இருக்கிறது. அங்கே நோயாளியோடு வீட்டு ஆளும் தங்கி எல்லாவற்றையும் படிக்க வேண்டும். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றி உடம்பை அடிக்கடித் தூக்கி இறக்குவது, கண்ணாடி வைத்து முதுகுப்புறத் தோலைத் தினமும் பார்ப்பது எல்லாம் பாடம். எனக்குப் பெரிய மலையாக இருந்தது சிறுநீர்க் குழாய். சில மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிட்னிக்கு ஆபத்து. என் கை நடுங்கிய நடுக்கத்தில் குழாய் கீழே விழும். புதிதாக எடுக்க வேண்டும். அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் கோபப்படாமல், "மொதல்ல கைய நல்லா கழுவுங்க, அவசரம் இல்ல" என்பார். சோப்புப் போட்டு விரல் இடுக்கெல்லாம் தேய்க்கிற நேரத்துக்குப் பரமண்டல ஜெபம் சரியாக இருக்கும் என்று கண்டுபிடித்தேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று வரும்போது, ஆகாரத்தோடு கொஞ்சம் கை உறுதியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வேன். இப்போது அவரே தனக்குக் குழாய் விட்டுக்கொள்கிறார். நான் கை கழுவும்போது ஜெபம் மட்டும் தன்பாட்டில் வருகிறது.

அவர் வாயைத் திறந்து பேச ஆரம்பித்ததும் அங்கேதான். அந்த நிலையத்தை உண்டாக்கிய டாக்டர் மேரி வர்கீஸின் கதையை உடற்பயிற்சி சொல்லித் தருகிற பிசியோ தம்பி ஒருவர் சொன்னார். கேரளத்தில் பிறந்தவர், சி.எம்.சி.யில் டாக்டர். 1954இல் கார் விபத்தில் அவருக்கும் தண்டுவடத்தில்தான் அடி, இடுப்புக்குக் கீழே செயலில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் அந்த நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ. அந்த அம்மாவும் கர்த்தரை நம்பினவர், நடந்துவிடவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "உக்காந்துக்கிட்டு ஆபரேஷனா? மேச எவ்வளவு உயரம்?" பெயின்டர் அல்லவா, உயரம்தான் கேட்பார். அன்று சாயங்காலமே, தன் உயரத்துக்குத் தக்கபடி வீட்டில் எதை எதை மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கணக்கில்தான் நம் ஆலயத்து ரேம்ப்பும் வந்தது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளச் சரிவு வேண்டுமாம். வாசல்படி பதினெட்டு அங்குலம், ஆகவே பதினெட்டு அடி. முகப்பின் அழகு கெடும் என்று கமிட்டியில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. இருந்தும் சம்மதித்தீர்கள், நன்றி. கொத்தனார் அண்ணன் கூலி வாங்கவில்லை. இப்போது பாருங்கள், என் வீட்டுக்காரரைவிட முழங்கால் வலிக்கார ஆச்சிமார்தான் அதில் அதிகமாக ஏறுகிறார்கள். பிடிப்பதற்குக் கைப்பிடிக் கம்பியும் வேண்டும் என்று அவர்களே கேட்டுவிட்டார்கள்.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், அழுகிற நாட்கள் இன்னும் உண்டு. அவருக்குக் காய்ச்சல் வந்தால் சிறுநீரில் கிருமியோ என்று வயிறு கலங்கும். அடுத்த வருஷத்தை நினைத்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இன்றைக்கும் கிடையாது, அதை நான் கேட்பதும் இல்லை. அந்தந்த ராத்திரிக்கு உள்ளதைக் கேட்கிறேன். அது பெரும்பாலும் உங்களில் யாராவது ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். புண் வராமல் இருக்க நீங்கள் வாங்கித் தந்த ஏர்பெட், அந்தக் காற்று மெத்தை, இப்போது சும்மா இருக்கிறது. அவர் தானே புரண்டு படுத்துக்கொள்வதால் சாதாரண மெத்தையே போதுமானதாக இருக்கிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறோம், காற்று இறங்கவில்லை. யார் வீட்டில் படுக்கையில் ஆள் இருந்தாலும், எந்தச் சபையானாலும், எந்த மதமானாலும், வந்து எடுத்துக்கொள்ளலாம். எப்படிப் புரட்டிப் போடுவது என்று சொல்லித் தர நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
பெயின்டர் வீட்டம்மா