மஸ்தகி விளையும் தீவு

ஏதென்ஸ்,
செப்டம்பர் 20

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மீனாவுக்கு நல்ல இடம் அமைந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. தையில் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுவோம்.

உன் நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி விற்கிறாயே, அந்தப் பிசின் வடியும் மரங்களைச் சென்ற மாதம் இங்கே கிரீஸின் கியோஸ் தீவில் பார்த்தேன். முறுக்கேறிய தண்டுள்ள குட்டை மரங்கள். அடியில் தரையைப் பெருக்கிச் சமன்செய்து, வெள்ளைச் சுண்ணப் பொடியைக் கோலமாவு போலத் தூவியிருக்கிறார்கள். பட்டையில் கூரிய கருவியால் கீறினால் பிசின் கண்ணாடித் துளியாகக் கசிந்து பொடிமேல் விழுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் இறுகியதும் பொறுக்குகிறார்கள். குளிர்காலத்தில் பெண்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாகக் கத்தி முனையால் அழுக்கைச் சுரண்டி எடுக்கிறார்கள். இத்தனை பாடுபட்டும் ஒரு மரம் ஆண்டுக்கு 200 கிராம் தந்தாலே பெரிது. 2012 ஆகஸ்டில் பெருந்தீயில் ஏராளமான தோப்புகள் கருகின. புதிதாக நட்ட மரம் பலன் தர ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்படியும் நட்டார்கள்.

தீவின் தெற்கே உள்ள 24 கிராமங்களின் பிழைப்பு இது. 'கியோஸ் மஸ்தகி' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் பாதுகாப்பு அளித்தது; அங்கே விளைந்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம் என்ற முத்திரை அது. ஆனால் விலை சரிந்து வியாபாரிகள் கையில் சிக்கியிருந்த விவசாயிகள் 1938லேயே தங்களுக்கென்று சங்கம் அமைத்துவிட்டார்கள். முத்திரைக்குப் பலம் அந்தச் சங்கத்திலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

இதே பாதுகாப்புக்காகக் கிரீஸின் ஃபெட்டா பாலாடைக்கட்டி பட்ட பாட்டைப் பார். குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால் இருந்தால்தான் அது ஃபெட்டா. 1996இல் கிரீஸுக்கே உரியதென்று ஒன்றியத்தில் பதிவான பெயர், டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் தொடுத்த வழக்கில் 1999இல் ரத்தானது. 2002இல் மீண்டும் பதிவாகி, 2005இல்தான் நீதிமன்றத்தில் நிலைத்தது. அதன் பிறகும் டென்மார்க் நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு வெளியே அதே பெயரில் விற்றுக்கொண்டிருந்தன. அதை டென்மார்க் தடுக்காமல் விட்டது தவறு என்று 2022இல் தீர்ப்பு வந்தது. மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவன் இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உனக்கு வரும் சரக்கை யார் அனுப்புகிறார்கள், என்ன விலை என்று எழுது. வேறு பிசின் கலந்து வருவதாக முன்பு குறைப்பட்டாய் அல்லவா? சங்க முத்திரையோடு கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். மென்றால் முதலில் லேசாகக் கசக்கும், பிறகு பைன் மர வாசனை வரும். கொண்டுவருகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
சுந்தரம்