வடம் தந்த அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள தெருக்காரர்களுக்கு,

நம் மகளிர் உடற்பயிற்சி வகுப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 மழையில், வகுப்பு நடந்த அந்தக் கீழ்த்தள அறை என்ன ஆயிற்று என்று தூத்துக்குடியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தானே வந்தது. மிஞ்சியது 4 ஜோடி டம்பெல், ஒரு விசில், 24 பெண்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. மொட்டை மாடியைத் திறந்துவிட்டு, "குதிக்க மட்டும் செய்யாதீங்க, மத்தபடி உங்க இஷ்டம்" என்ற ஆச்சி. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகளை எடைக்குப் பயன்படுத்தச் சொல்லிக் கடனாகக் கொடுத்த கடைக்கார அக்கா. அந்தப் பாக்கெட்டுகளை உள்ளே வைத்து வீசினாலும் பிரியாதபடி மஞ்சப்பைகளுக்கு இரட்டைத் தையல் போட்டுத் தந்த டெய்லர் அக்கா. முழங்கால் வலிக்காரர்களைத் தனித்தனியாகப் பார்த்து, யார் எவ்வளவு தூரம் உட்கார்ந்து எழலாம் என்று எழுதிக் கொடுத்த, பிசியோதெரபி படிக்கிற தங்கச்சி. பாட்டு வரிசை போட்டுத் தந்த காலேஜ் பையன்கள். தம்பிகளா, அந்த மூணாவது பாட்டு மட்டும் ரொம்ப வேகம், மாத்திக் கொடுங்க.

இனி அண்ணாச்சி.

விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போக முடியாமல் கரையிலேயே கிடந்த நாட்களில், மதினியை வகுப்பில் விட்டுவிட்டு மாடிப்படியின் மேல்திட்டில் உட்கார்ந்திருப்பார். ஒரு ஜோடி டம்பெல்லுக்கு ஆறு பேர் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால் பெரிய சுருளாக எதையோ கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். படகு கட்டுகிற பழைய வடம், இரண்டு துண்டாக. "மகன் போன்ல பாத்தேன்மா, கயித்தத் தரையில போட்டு அடிச்சிட்டு இருக்காங்க. இது ஆகுமா பாருங்க" என்றார். ஜிம்மில் பேட்டில் ரோப் என்கிறார்களே, சாட்சாத் அதேதான்.

மீதியை மதினிதான் பிறகு சொன்னார். கடலில் கிடந்த வடத்தில் உப்பு இறங்கி இறுகிப் போயிருக்கும், அப்படியே பிடித்து ஆட்டினால் உள்ளங்கையை அரம் மாதிரி அறுத்துவிடும். அதற்காகக் கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்திருக்கிறார். பிரி பிரியாமல் இருக்க நைலான் முனைகளைத் தீயில் உருக்கி அடைத்திருக்கிறார். அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறார். அப்படிச் சுற்றும்போது மதினியின் கையைக் கொண்டுவந்து பிடிக்கச் சொல்லி, விரல் எட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கைப்பிடியின் கனத்தைக் குறைத்தாராம். ஆண்கள் கைக்கென்று செய்த டம்பெல்லைப் பிடித்தே பழகிப்போனவர்கள் நாங்கள். எங்கள் கைக்கு அளவெடுத்து ஒரு சாமான் வந்தது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. விசிலை ஊதிச் சமாளித்தேன்.

தண்ணீர்த்தொட்டித் தூணில் சாக்கைச் சுற்றி வடங்களை மாட்டினோம். வடம் ஒன்றுக்கு முனை இரண்டு. ஆக ஒரே நேரத்தில் நாலு பேர். அரைப் பஸ்கியில் நின்று அலை அலையாக அடிக்க வேண்டும். தூணுக்குக் கிட்டே போகப் போகக் கயிறு தொய்ந்து வேலை கூடும், பின்னால் தள்ளி நின்றால் லேசாகும். அதனால் இருபது வயதுப் பெண்ணும் அறுபது வயதுப் பெரியம்மாவும் ஒரே வடத்தை ஆளுக்கொரு முனையாகப் பிடிக்கலாம். டம்பெல்லில் இது நடக்குமா?

அதைச் சுற்றித்தான் வகுப்பையே புதிதாகப் பின்னினேன். 6 இடம், இடத்துக்கு 4 பேர்: வடம், உப்புப்பை, டம்பெல், நாற்காலிப் பஸ்கி, சுவர்த் தண்டால், சாக்பீஸ் கட்டங்களில் கால் மாற்றி நடை. 40 விநாடி வேலை, 20 விநாடியில் அடுத்த இடம். மூன்று சுற்று வந்தால் 18 நிமிடம். யாரும் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை. இந்தச் சர்க்யூட் முறையை 1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் வகுத்தார்கள். அவர்களிடம் உப்புப்பை இருந்திருக்காது. வேகத்துக்கு அளவு ஒன்றுதான்: பக்கத்து ஆளோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நம் ஆட்களுக்குப் பேச்சு நிற்பதே இல்லை என்பதால் பாட்டை வைத்துத்தான் கணிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வடங்களோடு முத்துநகர் கடற்கரைக்குப் போய்விடுகிறோம். மணலில் கயிறு இழுக்கும் போட்டி. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த விளையாட்டு இது, எடுத்துவிட்டார்களே என்று எனக்கு இப்போது கோபம் வருகிறது. முதல் இழுப்புக்கு முன்னால் அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார். "கையில மட்டும் சுத்திப் பிடிக்காதீங்க. படகுல அப்படி விரல் போனவங்க உண்டு." இப்போது ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் 24 பேரும் விரலை விரித்துக் காட்டிவிட்டுத்தான் பிடிக்கிறோம்.

நிதி சேர்ந்தால் பழையபடி எல்லாம் வாங்கிவிடலாம் என்கிறார்கள். வாங்குவோம். ஆனால் நாலு பேர் சேர்ந்து பிடிக்கிற சாமான்தான் முதலில் வரும், ஒருத்தர் தனியாகப் பிடிப்பது அப்புறம். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன்: பக்கத்துத் தெருவில் யாராவது கையில் ஒன்றுமில்லாமல் வகுப்பு ஆரம்பித்தால், இரண்டில் ஒரு வடம் அவர்களுக்கு. அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டேன். தலையாட்டினார், அவர் பாஷையில் அது நீண்ட பேச்சு.

அண்ணாச்சி, படகு மறுபடி போக ஆரம்பித்துவிட்டது என்று மதினி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கரையில் இருந்தால் அவசியம் வாருங்கள். எதிர் அணிக்கு ஒரு ஆள் குறைகிறது. மதினி எங்கள் பக்கம்.

நன்றியுடன்,
விசில்காரி