யாழ். மாவட்டத்தில் கதிர்வீச்சு அவசரநிலை ஏற்பட்டால் யார் எதைச் செய்வது என எழுத்தில் வகுத்துத் தருமாறு கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மாவட்ட அனர்த்த முகாமைத்துவத் திட்டத்தில் கதிர்வீச்சு அவசரநிலைக்கான பொறுப்புப் பங்கீட்டைத் தனிப் பின்னிணைப்பாகச் சேர்த்தல்

2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வெள்ளம், சூறாவளி, ஆழிப்பேரலை என்பவற்றோடு கதிர்வீச்சு அவசரநிலையையும் அணு அனர்த்தத்தையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. வெள்ளம் வந்தால் எந்தப் பாடசாலையைத் திறப்பது, சமைத்த உணவை யார் கொடுப்பது, படகு எங்கிருந்து வருவது என்பது இம்மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளிலும் தெரிந்த விடயம். கதிர்வீச்சு என்றால் முதல் தொலைபேசி அழைப்பு யாருக்குப் போகவேண்டும் என்பதிலேயே ஆளுக்கொரு பதில் வரும். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்த்து வைக்குமாறே கேட்கிறோம். புதிய சட்டமோ புதிய திணைக்களமோ இதற்குத் தேவையில்லை.

2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் இரண்டு நிறுவனங்கள் இயங்குகின்றன. அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் பரிசோதிப்பதும் அணுசக்தி ஒழுங்குறுத்துகைப் பேரவையின் வேலை. சுற்றாடல் கதிர்வீச்சைக் கண்காணிப்பதும் தொழில்நுட்ப உதவி வழங்குவதும் அணுசக்திச் சபையின் வேலை. பெயர்கள் நெருக்கமானவை என்பதால் ஒன்றுக்குப் போகவேண்டிய தகவல் மற்றதற்குப் போய்விடக்கூடும். இரண்டும் கொழும்புப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து ஆட்களைத் திரட்டி, கருவிகளை ஏற்றி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி ஒரு குழு இங்கு வந்து சேர எட்டு மணித்தியாலமாவது செல்லும். அந்த எட்டு மணித்தியாலமும் இங்குள்ள பொலிஸ் உத்தியோகத்தர், மாநகர சபைத் தீயணைப்பு வீரர், 1990 அம்புலன்ஸ் ஊழியர், விபத்துப் பிரிவுத் தாதியர், கிராம அலுவலர் ஆகியோரின் கையில்தான் இருக்கும். நாம் கேட்பது முழுவதும் அந்த நேரத்தைப் பற்றியது.

இங்கு நிகழக்கூடியவை இரண்டு வகை. ஒன்று, கதிர்வீச்சு மூலமொன்று, அதாவது கதிர்வீச்சை வெளிவிடும் பொருளொன்று, காணாமற் போவது, உடைவது அல்லது தீயில் அகப்படுவது. மற்றது, கடலுக்கு அப்பால் ஓர் அணு உலையில் விபத்து நேர்வது. இவ்விரண்டையும் ஒரே திட்டத்துக்குள் குழைத்துவிட்டால் இரண்டும் கெட்டுவிடும்.

முதல் வகைக்கு அணு உலை அருகில் இருக்க வேண்டியதில்லை. உருக்குக் குழாய்களின் ஒட்டுகளைப் படமெடுத்துச் சோதிக்கும் இரிடியம்-192 கருவியும், வீதி நிர்மாணத்தில் மண்ணின் அடர்த்தியை அளக்கும் சீசியம்-137 கருவியும் லொறியில் ஏறி எந்த ஊருக்கும் போகக்கூடியவை. பயன்பாட்டுக் காலம் முடிந்தவை பழைய இரும்போடு கலந்துவிடுவதுதான் உலகெங்கும் நடந்திருக்கும் தவறு. 1987 இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியொன்றைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். வாந்தியும் கைப்புண்ணும் வந்தவர்களுக்கு வேறு நோய்களுக்கான மருந்து கொடுக்கப்பட்டது. வீட்டாருக்கு வந்த நோய்க்கு அந்தப் பொருளே காரணம் எனச் சந்தேகித்த பெண்ணொருவர் அதைப் பையிலிட்டு, பேருந்தில் ஏறி, சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். இன்னதென்று தெரிய இரண்டு கிழமைக்கு மேலாயிற்று. நால்வர் இறந்தனர், 249 பேரில் மாசு காணப்பட்டது, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதிக்க நேர்ந்தது. 2010 இல் டில்லியின் மாயாபுரியில் பல்கலைக்கழகமொன்று கழித்துவிட்ட கோபால்ட்-60 கருவி பழைய இரும்புக் கடைக்கு வந்து ஓர் உயிரைக் கொண்டுபோனது. இரண்டு இடத்திலும் முதலில் எச்சரித்தது கருவியல்ல, நோயாளிதான்.

ஆகவே இம்மாவட்டத்தின் பழைய இரும்புக் கடைகளின் பட்டியலை உள்ளூராட்சி மன்றங்களிடமிருந்து பெற்று, ஒவ்வொன்றிலும் படத்தோடு ஒரு பக்க அறிவித்தலை ஒட்டச் செய்யவேண்டும். கதிர்வீச்சைக் குறிக்கும் மூவிதழ் அடையாளம், அளவில் சிறிதாயிருந்தும் தூக்கமுடியாத பாரம், ஈயக் கூடு, இருட்டில் ஒளிரும் தூள் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தொடாமல், உடைக்காமல், வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல் விலகி நின்று 117 க்கு அழைக்கச் சொல்லவேண்டும். கண்டவரைச் சட்டம் துன்புறுத்தாது என்ற உறுதியும் அதில் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் பொருள் இரவோடிரவாகப் பற்றைக்குள் எறியப்படும். தனியார் மருத்துவர்கள் உட்பட எல்லா வைத்தியர்களுக்கும் தனிச் சுற்றறிக்கை போகவேண்டும்: வெப்பம் பட்ட நினைவே இல்லாத தீக்காயம், ஒரே வீட்டில் அல்லது ஒரே வேலைத்தளத்தில் பலருக்குக் காரணமற்ற வாந்தி, முடி உதிர்வு என்றால் கதிர்வீச்சையும் நினைக்கவேண்டும்.

சம்பவ இடத்தில் முதலில் வேண்டியது தூரம். சர்வதேச அணுசக்தி முகவரகம் சம்பவ இடத்துக்கு முதலில் வந்து சேரும் பணியாளருக்கென வெளியிட்ட கைநூல், திறந்த வெளியில் கூடு நீங்கிய அல்லது உடைந்த மூலத்துக்கு 30 மீற்றரும், தீயோ வெடிப்போ புகையோ சேர்ந்தால் 300 மீற்றரும் விலக்கச் சொல்கிறது. கட்டடத்துக்குள் என்றால் அந்த அறை, பக்கத்து அறைகள், மேல்மாடி, கீழ்மாடி. கதிர்வீச்சு அளவி வந்ததும் எல்லை, மணிக்கு 100 மைக்ரோசீவேட் (சீவேட் என்பது உடலில் படும் கதிரின் அலகு) காட்டும் கோட்டுக்கு மாறும். ஓர் உதாரணம்: 1 டெரா பெக்கரல் (பெக்கரல் என்பது பொருளின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கொண்ட இரிடியம்-192 மூலமொன்று ஒரு மீற்றர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 130 மில்லிசீவேட் கொடுக்கும். தூரம் முப்பது மடங்கானால் அளவு தொளாயிரத்தில் ஒன்றாகும், அதாவது 30 மீற்றரில் ஏறத்தாழ 144 மைக்ரோசீவேட். 100 க்கு இறங்க 36 மீற்றர் போகவேண்டும். அளவி இல்லாமல் 30 மீற்றரில் நாடா கட்டிய பொலிஸ்காரர் ஆறு மீற்றர்தான் தவறியிருக்கிறார். கருவிக்காகக் காத்திராமல் நாடாவைக் கட்டலாம் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். மணிக்கு 100 மில்லிசீவேட்டுக்கு மேற்பட்ட இடத்துக்குள் உயிர் காப்பதற்கு மட்டுமே போகவேண்டும், அதுவும் அரை மணித்தியாலத்துக்குக் குறைவாக. கர்ப்பிணியான உத்தியோகத்தர்களை உள்ளே அனுப்பவே கூடாது.

கட்டளை யாருடையது என்பதில் எமது ஆலோசனை இது. சம்பவ இடத்துக் கட்டளை, அங்குள்ள மூத்த பொலிஸ் அதிகாரியிடம். எல்லைக்குள் நடக்கும் வேலை தீயணைப்புப் பொறுப்பாளரிடம். காயப்பட்டோர் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பொறுப்பு. கொழும்போடு பேசுவதும் நேரத்தோடு பதிவு வைப்பதும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவ ஒருங்கிணைப்புப் பிரிவு. மூலத்தை எடுத்து அகற்றுவது அணுசக்திச் சபையின் வல்லுநர் மட்டும். வேறு எவரும் துணிந்து கைவைக்கக்கூடாது. மக்களோடும் ஊடகத்தோடும் பேசுவது தாங்கள் அல்லது தாங்கள் பெயர் குறித்த ஒருவர். ஒவ்வொரு பதவிக்கும் இரண்டு பதிலாட்கள் வேண்டும், ஏனெனில் சம்பவம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அல்லது நடுச்சாமத்தில்தான் வந்து நிற்கும்.

வைத்தியசாலை வாசலில் வரும் பிழையைத் தனியே சொல்ல விரும்புகிறோம். கதிர்பட்டவர் வேறு, மாசுபட்டவர் வேறு. மூடிய மூலத்தின் கதிர் பட்ட நோயாளியின் உடலிலிருந்து மற்றவருக்குக் கதிர்வீச்சு வராது. எக்ஸ்ரே எடுத்தவரைத் தொடுவதைப் போலத்தான். தூள் படிந்தவரே மாசுபட்டவர், அவருக்கும் முதல் மருந்து மேலுடையைக் களைவதுதான். பெரும்பகுதி மாசு அதோடு போய்விடும். உடையைப் பொலித்தீன் பையிலிட்டுப் பெயரும் நேரமும் எழுதிக் கட்டிவைக்க வேண்டும். பின் இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும், தோல் சிவக்கத் தேய்க்கக்கூடாது. இரத்தம் பெருகும் ஒருவரை அளவி வரும்வரை வாசலில் கிடத்தி வைத்தால் அவர் கதிர்வீச்சால் அல்ல, தாமதத்தால் இறப்பார். வாந்தி தொடங்கிய நேரத்தைக் குறிக்கவேண்டும், முதல் இரண்டு நாட்களும் ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கொரு தடவை இரத்தத்தின் நிணநீர்க்கலங்களை எண்ணவேண்டும். எவ்வளவு கதிர் பட்டது என்பதை வைத்தியர் இவற்றிலிருந்துதான் கணிப்பார். யாழ். போதனா வைத்தியசாலைக்கும் தெல்லிப்பழைக்கும் இடையில் யார் எந்த நோயாளியை ஏற்பது என்பதும் எழுதப்படவேண்டும்.

கருவிகளில் பெரிய பட்டியல் கேட்கவில்லை. தீயணைப்புப் பிரிவு, போதனா வைத்தியசாலை விபத்துப் பிரிவு, மாவட்ட அனர்த்தப் பிரிவு, காங்கேசன்துறைத் துறைமுகம் ஆகிய நான்கு இடங்களில் கதிர்வீச்சு அளவிகள் நான்கும், உள்ளே போவோருக்கு நேரடி அளவு காட்டும் சட்டைப்பை அளவிகள் இருபதும் போதும். ஆனால் பராமரிப்பு இல்லாமல் இவை வேண்டாம். உள்ளே விட்ட பற்றறி கசிந்து தொடுமுனையை அரித்துவிடும். கைகர் வகைக் கருவிகள் சில, மிகக் கடுமையான கதிரில் திணறிப் பூச்சியம் காட்டும். அதை நம்பி முன்னே நடப்பவர் இறப்பை நோக்கி நடக்கிறார். தூரத்திலிருந்தே கருவியை இயக்கி, எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு போகப் பழக்கவேண்டும். மைக்ரோவையும் மில்லியையும் மாற்றி வாசித்தால் ஆயிரம் மடங்கு தவறு. ஆண்டுக்கொரு தடவை அணுசக்திச் சபையில் அளவுத்திருத்தம் செய்யவேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே இடத்தில் சாதாரண அளவை எடுத்து அட்டையில் எழுதவேண்டும். ஊரின் வழமையான அளவு தெரியாதவருக்கு 0.15 மைக்ரோசீவேட்டும் பயமாகத்தான் தெரியும்.

இனி, கடலுக்கு அப்பால். கூடங்குளம் எமக்கு மேற்கு-தென்மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர், கல்பாக்கம் வடக்கே 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கூடங்குளம் போன்ற பெரிய உலைக்கு, அவசர வெளியேற்றத்தை 15 முதல் 30 கிலோமீற்றர் வரைக்கும் திட்டமிடச் சொல்லும் சர்வதேச வழிகாட்டல், உணவையும் நீரையும் பற்றி 300 கிலோமீற்றர் வரைக்கும் திட்டமிடச் சொல்கிறது. யாழ்ப்பாணம் அந்த விளிம்பில் நிற்கிறது. எனவே இங்குத் தேவைப்படுவது மக்களை ஏற்றி இறக்கும் திட்டமல்ல. வதந்தியை நம்பி எல்லோரும் புறப்பட்டால் தரைவழி ஆனையிறவும் சங்குப்பிட்டிப் பாலமும்தான். 2011 இல் புக்குஷிமாவில் அவசரமாக ஏற்றிச் செல்லப்பட்ட வைத்தியசாலை நோயாளிகளும் முதியவர்களும் பலர் அந்தப் பயணத்தாலும் பராமரிப்பு அறுந்ததாலும் இறந்தார்கள் என்பதைத் திட்டம் எழுதுவோர் மறக்கக்கூடாது.

இங்கு ஆபத்து வரும் வழி பால், மழைநீர், கீரை. மாடு பரந்த வெளியில் மேய்ந்து புல்லில் படிந்த அயடீன்-131 ஐப் பாலில் சேர்க்கும், குழந்தையின் தைரொயிட்டுக்கு அது நேரே போகும். அதன் அரை ஆயுள் எட்டு நாள். ஆகவே மாட்டையும் ஆட்டையும் கொட்டிலில் கட்டி, மூடிவைத்த வைக்கோலும் கிணற்று நீரும் கொடுத்தாலே பெரும் நன்மை. கூரையிலிருந்து தாங்கிக்கு வரும் குழாயை மழைக்கு முன்பே கழற்றிவிட வேண்டும், தீவுப்பகுதியில் இது முதல் வேலை. சுண்ணாம்புக்கல் நிலம் மழையை விரைவாக உள்வாங்கும், எனவே திறந்த கிணறுகளை மூடச் சொல்லவேண்டும். வழமையைவிட மணிக்கு 1 மைக்ரோசீவேட் கூடினால் அந்தப் பகுதியின் பால், கீரை, மழைநீர் ஆகியவற்றை, மாதிரிப் பரிசோதனை முடியும்வரை நிறுத்துவது வழிகாட்டலில் உள்ள எல்லை. ஆய்வுகூடத்தில் கிலோவுக்கு அயடீன்-131 ஆயின் 1000 பெக்கரல், சீசியம்-137 ஆயின் 200 பெக்கரல். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அதிகாரமுள்ள சுகாதார வைத்திய அதிகாரிகளும் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் இக்கட்டளையை நடைமுறைப்படுத்தவேண்டும், மாதிரி எடுப்பதைக் கால்நடை, விவசாய, கடற்றொழில் திணைக்களங்கள் பங்கிடவேண்டும். பாலை ஊற்றிவிடச் சொல்லும் அதே நாளில் அதற்கான நட்டஈட்டைச் சொல்லாவிட்டால் பால் ஒழுங்கை வழியாக விற்கப்படும். மீனவருக்கும் அப்படியே: மாதிரி பார்த்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், கெடுதியில்லாத மீனையும் சந்தை தள்ளிவிடும்.

அயடைட்டுக் குளிசை (பெரியவருக்கு 130 மில்லிகிராம்) கதிரியக்க அயடீனிலிருந்து தைரொயிட்டை மட்டும் காக்கும், சுகாதார அமைச்சு சொன்னாலன்றி எடுக்கக்கூடாது. அயடீன் சேர்த்த உப்பை அள்ளித் தின்பதாலோ புண்ணுக்குப் பூசும் அயடீனைக் குடிப்பதாலோ பாதுகாப்பு இல்லை, கேடுதான். 2011 இல் சீனாவில் கடைகளில் உப்பு தீர்ந்துபோன கதை இங்கும் நடக்கலாம் என்பதால் இதை முன்கூட்டியே மக்களுக்குச் சொல்லவேண்டும்.

அணு விபத்தை விரைவாக அறிவிக்கும் 1986 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் உள்ளன. 2015 பெப்ரவரியில் இரு நாடுகளும் குடிசார் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தமும் செய்தன. தகவல் கொழும்புக்கு வரும் என வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து நெடுந்தீவுக் கிராம அலுவலர் வரை அது போய்ச் சேர எத்தனை நிமிடம் என்பதை அளந்து பார்க்கவேண்டும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றில் 300 கிலோமீற்றருக்கு 15 மணித்தியாலம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்று கூடங்குளப் பக்கமிருந்து எம்மை நோக்கி வரும், முதலில் எதிர்கொள்வது தீவுகள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள வானிலை நிலையத்தின் காற்றுத் தகவல் யாரிடம், எத்தனை மணிக்கொரு தடவை போகும் என்பதும் எழுதப்படவேண்டும். கொழும்பின் அறிவித்தல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்து, அவசரத்தில் மொழிபெயர்த்தால் பொருள் மாறிவிடும். இடமும் நேரமும் மட்டும் நிரப்பவேண்டியதாகப் பத்துத் தமிழ் அறிவித்தல்களை இப்போதே எழுதி அங்கீகரித்து வைத்தால், கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளில் அவற்றை அப்படியே வாசிக்கலாம்.

எனவே, அடுத்த மாவட்ட அனர்த்த முகாமைத்துவ ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இவ்விடயத்துக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்குமாறும், பொலிஸ், தீயணைப்பு, சுகாதாரம், கடற்படை, துறைமுகம், சுங்கம், கடற்றொழில், கால்நடை, உள்ளூராட்சி, 15 பிரதேச செயலகங்கள் ஆகியவற்றிலிருந்து முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரை அழைக்குமாறும், அணுசக்திச் சபையிலிருந்தும் ஒழுங்குறுத்துகைப் பேரவையிலிருந்தும் ஒவ்வொருவரை வரவழைக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். அங்கு பங்கீடு முடிவானபின், மே மாதத்துக்கு முன் அரை நாள் மேசைப் பயிற்சி ஒன்றும், பின் மூன்று மாதத்துக்கொரு தடவை முன்னறிவிப்பில்லாத இரவுத் தொலைபேசிச் சோதனையும் நடத்தவேண்டும். சோதனையில் யார் எத்தனையாவது நிமிடத்தில் எடுத்தார், யார் எடுக்கவே இல்லை என்ற பதிவு தங்கள் மேசைக்கு வரவேண்டும். பழைய இரும்புக் கடை அறிவித்தல், வைத்தியசாலை வாசல் அறிவுறுத்தல், தொலைபேசிச் சங்கிலி ஆகியவற்றின் வரைவுகளை இத்துடன் இணைத்துள்ளோம். திருத்த வேண்டியவற்றைத் திருத்தித் தருமாறும், கூட்டத் திகதியை எமக்கு அறியத்தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கீழே ஒப்பமிட்டுள்ளோர்
யாழ்ப்பாணம்.