மழைக்காடும் கித்துள் பாணிப் போத்தலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரேசிலின் பெலேம் நகரில் 2025 நவம்பரில் நடந்த காலநிலை மாநாட்டையொட்டி வெப்பமண்டலக் காடுகளுக்கென ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. அழியாமல் நிற்கும் காட்டுக்கு ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 டொலர். அதில் ஐந்திலொரு பங்காவது பழங்குடியினருக்கும் காட்டோர மக்களுக்கும் போக வேண்டும் என்பது திட்டம். அந்தப் பணம் இலங்கைக்கும் வருகிறதென்றே வைத்துக்கொள்வோம். விரிவாக்கப்பட்ட சிங்கராஜ மழைக்காடு சுமார் 36,000 ஹெக்டேயர். ஆண்டுக்கு 144,000 டொலர். மக்களின் பங்கு 28,800 டொலர். இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் எல்லை நெடுகிலும் வாழும் குடும்பங்களுக்கு இதைப் பங்கிட்டால் கைக்கு என்ன வரும்?

நிதியம் வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். காட்டோரத்தவரின் அடுப்பு எரிவது கித்துள் பாணி போன்ற, அவர்கள் விற்கும் பொருளால்தான். அந்தப் பொருளை எந்தக் கணக்கில் வாங்குகிறோம் என்பதில் காட்டின் பாதி விதி அடங்கியிருக்கிறது. வாங்குவது பெரும்பாலும் கொழும்பு என்பதால் இதை இங்கிருந்தே எழுதுகிறோம்.

குவாத்தமாலாவின் மாயா உயிர்க்கோள ஒதுக்ககத்தில் காட்டின் ஒரு பகுதியை ஊர்ச் சங்கங்களிடம் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். அங்கே ஷாட்டே என்ற சிறு பனையின் ஓலை பூ அலங்காரத்துக்காக ஏற்றுமதியாகிறது. முன்பு எண்ணிக்கைக்குக் கூலி. கண்டதையெல்லாம் பறித்தார்கள், பெரும்பகுதி தரம் பிரிக்கும்போது கழிந்தது. தேறிய ஓலைக்கு மட்டும் காசு என்றானதும் பறிப்பு குறைந்தது, வருமானம் குறையவில்லை.

நம் கித்துள் என்ற கூந்தற்பனைக்கும் இதே சிக்கல்தான். அதன் பாளையைச் சீவி வடியும் சாற்றைக் காய்ச்சித்தான் பாணி எடுக்கிறார்கள். கித்துள் பாளை விடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி ஒவ்வொரு பாளையாக விட்டு, கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும். சீவிய பாளை காய்க்காது. எல்லாப் பாளையையும் சீவிவிட்டால் அந்த மரத்துக்கு வாரிசு இல்லை. மரநாய் தின்று விதை பரப்பவும் பழம் இல்லை. ஆகவே மரத்துக்கு ஒரு பாளையையாவது காய்க்க விடுவது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். நாற்றுப் போடுவோர் கவனிக்க: பழச்சதை கையில் பட்டால் கடுமையாக அரிக்கும், விதை முளைக்க மாதக்கணக்கில் ஆகும். மூன்று மாதத் திட்டத்தோடு வரும் தொண்டு நிறுவனங்கள் இதில் தோற்பது வியப்பில்லை.

பனையில் முட்டிக்குச் சுண்ணாம்பு தடவுகிறோம். கித்துளில் சாறு புளிக்காமலிருக்க ஹல் மரப்பட்டைத் துண்டு போடுவது வழக்கம். ஹல் இலங்கைக்கே உரிய மழைக்காட்டு மரம். சுற்றிவர உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு பக்கத்தில் மட்டும், நீளவாக்கில், ஒடுக்கமான கீற்றாக எடுக்க வேண்டும். காயம் மூடும்வரை அந்த மரத்தைத் தொடக்கூடாது.

சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் சர்க்கரை. ஒரு லீற்றர் பாணிக்கு ஏழெட்டு லீற்றர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். மிச்ச நீரை ஆவியாக்குவது விறகு. சீனிப்பாகு கலப்பவருக்கோ இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லை. இரண்டையும் ஒரே லீற்றர் விலையில் வாங்கினால் நேர்மையாகக் காய்ச்சுபவர் தொழிலை விட்டுவிட்டு, எல்லையோர நிலத்தை வெட்டித் தேயிலை நடப் போகிறார். காடு சுருங்குவது இப்படித்தான்.

பிரிக்ஸ் மானி வைத்துச் சோதிக்கிறோம் என்று சில கொள்வனவாளர்கள் பெருமைப்படுகிறார்கள். அந்தக் கருவி கரைசலின் அடர்த்தியை அளக்குமே தவிர, கித்துளா கரும்பா என்று சொல்லாது. 65க்குக் கீழே காட்டினால் பாணி புளித்துப்போகும் என்பதை அறியலாம், அவ்வளவுதான். கலப்படத்தைப் பிடிக்க மரக் கணக்குப் புத்தகம் போதும்: மரத்தின் இலக்கம், திகதி, காலை மாலை இறக்கிய சாறு எத்தனை லீற்றர். மாதத்தில் 800 லீற்றர் இறக்கியவர் 100 லீற்றர் பாணி விற்றால் கணக்குச் சரி. 200 என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கே செய்வது? வனத்துக்குள்ளே அல்ல. 1970களில் ஒட்டுப்பலகை ஆலைக்காகச் சிங்கராஜவில் மரம் வெட்டியதை நிறுத்தவே பெரும் எதிர்ப்பு வேண்டியிருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பைத் தளர்த்த நாங்கள் கேட்கவில்லை. இடம் வெளியே இருக்கிறது: எல்லையோரமாக நடப்பட்ட கரிபியன் பைன் தோப்புகள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான குணதிலக்க தம்பதியர், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1990களில் அங்கே செய்த சோதனையில், அடுத்தடுத்த மூன்று பைன் வரிசைகளை அகற்றிய இடைவெளியில் மழைக்காட்டு நாற்றுகள் நன்கு வளர்ந்தன. முழு நிழலில் வெளிச்சம் போதாது. ஒரு வரிசையை மட்டும் எடுத்தால் இடைவெளி விரைவில் மூடிக்கொள்ளும். தோப்பையே மொட்டையடித்தால் கெக்கில்ல என்ற பன்னப் புதர் முந்திக்கொள்ளும். ஹொர, துன் போன்ற மழைக்காட்டு மரங்களின் விதைகள் தாய்மரத்தை விட்டு அதிகம் விலகிப் போவதில்லை, சேமித்து வைக்கவும் முடியாது. விழுந்தவுடன் பொறுக்கி உடனே நாற்றுமேடையில் இட வேண்டும். அவற்றுக்கிடையே கித்துள், மரமஞ்சள், பிரம்பு நடலாம்.

ஏலக்காய்ப் பயிரில் மட்டும் எச்சரிக்கை. நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏலக்காய்க்காகக் கீழ்த்தளத்தை வெட்டிவிட்டு மேல்மரங்களை நிற்க விட்டார்கள். காயை உலர்த்த விறகும் காட்டிலிருந்தே போனது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் காடு. உள்ளே இளமரமே இல்லை. பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வர எதுவுமில்லை.

யாரோடு பங்காளியாவது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். இலங்கையின் பழங்குடியினரான வேடர் சமூகம் வாழ்வது பெரும்பாலும் வறண்ட வலயத்தில். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானபோது அவர்கள் வேட்டைக்கும் தேனுக்கும் சென்ற காடு ஒரே நாளில் தடைக்காடானது. எழுத்தில் உரிமை இல்லாதவருக்கு நேர்வது அது. சிங்கராஜவைச் சுற்றி இருப்போர் சிங்களக் கிராமத்தவர் மட்டுமல்லர். தெனியாய, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களில் மலையகத் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. “வீட்டுத் தோட்டத்தில் கித்துள் நடுங்கள்” என்று தொடங்கும் திட்டம் எதுவானாலும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயன் அறையில் வாழ்பவரை வாசலிலேயே விட்டுவிடுகிறது. அவருக்கு நடுவதற்கு நிலம் எங்கே?

ஆகவே பைன் வலயத்தை நில உறுதி பார்க்காமல் குடும்பக் கணக்கில் பிரித்து, குறைந்தது 25 ஆண்டுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கித்துள் பாளை விடவே அதில் பாதிக்காலம் போய்விடும். ஐந்தாண்டு அனுமதிப்பத்திரத்தை நம்பி எவரும் நடமாட்டார். இடைக்கால வருமானத்துக்கு, அகற்றும் பைன் மரத்தின் விலையில் ஒரு பங்கை அந்தந்தக் குடும்பத்துக்கே ஒதுக்கலாம். படிவங்கள் தமிழிலும் இருக்கட்டும். வனப் பாதுகாப்புத் திணைக்களம் இதைத் தெனியாயப் பக்கத்தில் ஒரு தோப்பில் தொடங்கிப் பார்க்கலாம். அடுத்த ஹொர விதைப் பருவத்துக்குள் நாற்றுமேடை தயாராக வேண்டும்.

காடுபடு பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.